எங்கே வைத்தேன்?

"எங்கே வைத்தேன்? எங்கே வைத்தேன்?"

சைக்கிள் சாவியைத் தொலைத்தவன் இப்படிக் கேட்கிறான். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் துழாவுகிற பெரியவர் இப்படிக் கேட்கிறார். சம்பளப் பணத்தைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, அந்தப் பத்திரமான இடம் எது என்பதை மறந்துவிட்ட தாய் இப்படிக் கேட்கிறாள். நாம் சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்து தேடுகிறோம். கிடைத்துவிட்டால் மகிழ்ச்சி, கிடைக்காவிட்டால் சிறிது நட்டம். அவ்வளவுதான்.

இதே கேள்வி அமெரிக்க நாட்டு வீடொன்றில் எழும்போது நம்மால் சிரிக்க முடியவில்லை. ஏனெனில் அங்கே தேடப்படுவது சாவியல்ல, கண்ணாடியல்ல. குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி!

இரவு படுக்கும்போது தலையணைக்கடியில் வைத்தோமா? காரின் இருக்கைக்கடியில் செருகினோமா? விருந்தினர் வருகிறார்கள் என்று அவசரமாக அலமாரியின் மேல்தட்டில், துணிகளுக்குப் பின்னால் மறைத்தோமா? மெத்தை புரள்கிறது, பீரோ கலைகிறது, அழுக்குத் துணிக் கூடை கவிழ்கிறது. தேடுகிறவனின் கை நடுங்குகிறது. துப்பாக்கி போய்விட்டதே என்றல்ல அவன் நடுக்கம். பக்கத்து அறையில் பிள்ளைகளின் சத்தம் கேட்கவில்லையே, ஏன்? அதுதான் அவன் நடுக்கம்.

எங்கோ ஒரு வீட்டில், எவனோ ஒரு மறதிக்காரனுக்கு நேருகின்ற விபத்து என்று இதைத் தள்ளிவிடலாமா? கணக்கைப் பார்ப்போம்.

2017-ஆம் ஆண்டு நிலவரப்படி அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் ஏறத்தாழ 39 கோடியே 30 இலட்சம் என்று, சிறு ஆயுதங்களைப் பற்றி ஆராயும் ஜெனீவா நிறுவனம் மதிப்பிட்டது. நூறு பேருக்கு நூற்றிருபது துப்பாக்கிகள்! மக்கள்தொகையை மிஞ்சிய துப்பாக்கித்தொகை! பிறந்த குழந்தைக்கு ஒன்று, படுத்த கிழவனுக்கு ஒன்று என்று பங்கிட்டாலும் மிச்சமிருக்கும்.

அந்த நாட்டு விமான நிலையங்களில் பயணிகளின் கைப்பைகளைச் சோதிக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் மட்டும் அப்படிப் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. ஒரு நாளைக்குப் பதினெட்டு! அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றில் குண்டு நிரம்பியிருந்தது. பிடிபட்டவர்கள் கடத்தல்காரர்களா, கொள்ளைக் கூட்டத்தினரா? பெரும்பாலோர் இல்லை. அவர்கள் வழக்கமாகச் சொன்ன பதில் ஒன்றே: "பைக்குள் இருந்ததை மறந்துவிட்டேன்." மாற்றுச் சட்டையை மறக்காதவர், பல் துலக்கும் தூரிகையை மறக்காதவர், உயிரைக் குடிக்கும் கருவியை மறந்துவிட்டார்! சட்டம் இயற்றும் மன்றத்து உறுப்பினர் ஒருவரே 2021 பிப்ரவரியில் ஒரு நிலையத்திலும், 2022 ஏப்ரலில் மற்றொரு நிலையத்திலும் துப்பாக்கியோடு பிடிபட்டார். ஒருமுறை மறந்தால் மறதி. இருமுறை மறந்தால் அதற்கு என்ன பெயர்?

"பயிற்சி இல்லாதவன் மறப்பான், பயிற்சி பெற்றவன் மறப்பானா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கும் விடை இருக்கிறது.

2015-இல், வாஷிங்டன் பாராளுமன்றக் கட்டடத்தில், பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்ட போலீஸ் அதிகாரிகள் தங்கள் துப்பாக்கிகளைக் கழிவறையில் விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றுள் ஒன்றைக் கண்டெடுத்தது யார் தெரியுமா? பெற்றோரோடு வந்திருந்த ஏழெட்டு வயதுக் குழந்தை! 2020 பிப்ரவரியில், பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டேவிட் காமரூனின் மெய்க்காவலர், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் புறப்படவிருந்த விமானத்தின் கழிவறையில் துப்பாக்கியை வைத்துவிட்டு வந்தார். அதையும் கண்டது ஒரு பயணிதான். உலகமெங்கும் துப்பறியும் புகழ் படைத்த எஃப்.பி.ஐ. நிறுவனமே, 44 மாதங்களில் 160 ஆயுதங்களைத் தொலைத்தோ களவு கொடுத்தோ இருந்ததாக 2007-இல் அரசின் தணிக்கை அறிக்கை சொல்லிற்று.

இவர்களை ஏளனம் செய்வதற்காக இதை எழுதவில்லை. மறதி எல்லார்க்கும் உண்டு. அது ஏழையென்றும் பார்ப்பதில்லை, அதிகாரியென்றும் பார்ப்பதில்லை. மறக்கவே மறக்காத மனிதனை எந்தப் பள்ளியும் இதுவரை உருவாக்கியதில்லை. மனிதன் மறப்பான் என்று தெரிந்த பிறகு, அந்த மறதிக்கு எதிராக என்ன ஏற்பாடு செய்தாய் என்பதே கேள்வி.

நம் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலைக் கருவி அறைக்குப் போகிறான் தொழிலாளி. எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்தால்தான் ஸ்பானர் கிடைக்கும். மாலையில் ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தால்தான் வில்லை கிடைக்கும். கொடுக்கவில்லையா? பெயர் ஏட்டில் ஏறும், சம்பளத்தில் பிடித்தம் விழும். பேருந்து நடத்துநர் ஒரு டிக்கெட் கட்டைத் தொலைத்தால் விளக்கம் எழுதித் தரவேண்டும். இரும்புத் துண்டுக்குக் கணக்கு, காகிதக் கட்டுக்குக் கணக்கு. இதை நாம் குறை சொல்லவில்லை. பொறுப்பு என்பது அதுதான்.

ஆனால் அமெரிக்காவில், கடைக்காரன் கையிருப்பில் ஒரு துப்பாக்கி குறைந்தால் 48 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்; அதே துப்பாக்கியை விலை கொடுத்து வாங்கிப் போனவன் தொலைத்துவிட்டால், தெரிவித்தே தீரவேண்டும் என்ற நாடு தழுவிய சட்டம் கிடையாது! கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தாமாகச் சட்டம் செய்திருக்கின்றன. பல மாநிலங்களில் அதுவும் இல்லை. கடையில் இருந்தபோது ஆபத்தாக இருந்த பொருள், கடை வாசலைத் தாண்டியதும் பொம்மையாகிவிடுகிறதா?

தொலைந்த துப்பாக்கி சும்மா கிடப்பதில்லை, தோழர்களே! அது நடக்கிறது. கை மாறுகிறது. ஊர் மாறுகிறது. 2017 முதல் 2021 வரை ஐந்தே ஆண்டுகளில், களவு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல். அவற்றில் மிகப் பெரும் பகுதி கடைகளிலிருந்து போனவையல்ல. தனி மனிதர்களின் வீட்டிலிருந்தும் காரிலிருந்தும் போனவை.

2015 ஜூலை முதல் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் துறைமுகப் பாலத்தில் தந்தையோடு உலாவிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் குண்டு பாய்ந்து இறந்தாள். அந்தத் துப்பாக்கி யாருடையது? நான்கு நாட்களுக்கு முன்பு காரில் விட்டுச் சென்று களவு கொடுத்த ஓர் அரசு அதிகாரியுடையது! சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவன், கிடந்ததை எடுத்தபோது வெடித்தது என்றான். 2017-இல் நீதிமன்றத்தில் கொலைக் குற்றம் நிலைக்கவில்லை. அவன் எந்த நாட்டிலிருந்து வந்தவன் என்பதைத் தேர்தல் மேடைகள் அலசின, ஆர்ப்பரித்தன. காரில் விடப்பட்ட துப்பாக்கியைப் பற்றி மேடைகள் வாய் திறக்கவில்லை. வந்தேறியைத் திட்டுவது எளிது. வழக்கத்தைத் திருத்துவதல்லவா கடினம்!

சரி, ஏன் பூட்டி வைக்கவில்லை? இங்கேதான் இந்தக் கதையின் முடிச்சு இருக்கிறது.

துப்பாக்கி வாங்குகிறவன் ஏன் வாங்குகிறான்? அச்சத்தால் வாங்குகிறான். நள்ளிரவில் திருடன் வந்தால் கைக்கெட்ட வேண்டும் என்கிறான். ஆகவே பூட்ட மனம் வரவில்லை. பிள்ளைகள் எடுத்துவிடுவார்களே என்ற அச்சமும் இருக்கிறது. ஆகவே வெளியில் வைக்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே அவன் கண்டுபிடித்த வழி: ஒளித்து வைப்பது! இந்த வாரம் இழுப்பறையில், அடுத்த வாரம் அலமாரியில். திருடனுக்குத் தெரியாத இடம், பிள்ளைக்குத் தெரியாத இடம் என்று மாற்றி மாற்றி, கடைசியில் அவனுக்கே தெரியாத இடம்! ஆனால் வீட்டில் எந்தப் பண்டம் எங்கே இருக்கிறது என்பது, பெற்றோரைவிடப் பிள்ளைகளுக்கல்லவா நன்றாகத் தெரியும்?

2021 நவம்பர் 30. மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்போர்டு ஊரின் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சத்தம். நான்கு மாணவர்கள் மாண்டார்கள். ஏழு பேர் காயமுற்றார்கள். செய்தி பரவியதும் ஊரிலுள்ள பெற்றோரெல்லாம் பள்ளியை நோக்கி ஓடினார்கள். ஒரு தந்தை மட்டும் தம் வீட்டை நோக்கி விரைந்தார். எதற்கு? நான்கு நாட்களுக்கு முன்பு வாங்கிய துப்பாக்கி, வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க! தேடினார். இல்லை. போலீசைத் தொலைபேசியில் அழைத்து, துப்பாக்கியைக் காணவில்லை, சுட்டது தம் மகனாக இருக்குமோ என்று அஞ்சுவதாகச் சொன்னார். அவர் அஞ்சியபடியேதான் இருந்தது. பதினைந்து வயது மகன்!

அந்தத் தந்தை தேடிய அந்தச் சில நிமிடங்களை எண்ணிப் பாருங்கள். உலகத்தில் எந்தத் தந்தைக்கும் வரக்கூடாத நிமிடங்கள் அவை. துப்பாக்கியை ஒளித்து வைத்திருந்தேன், குண்டுகளை வேறிடத்தில் வைத்திருந்தேன் என்றார் அவர். ஒளித்தது உண்மையாகவே இருக்கட்டும். பூட்டு? துப்பாக்கியோடு சேர்த்து விற்கப்பட்ட கம்பிப் பூட்டு, உறை பிரிக்கப்படாமலே அந்த வீட்டில் கிடந்தது! பூட்டு இருந்தது, பூட்டவில்லை. பூட்டியிருந்தால் நான்கு வீடுகளில் இன்று நான்கு பிள்ளைகள் வளர்ந்து நிற்கக்கூடும்.

மகனுக்கு ஆயுள் முழுதும் சிறை. தாய்க்கும் தந்தைக்கும் 2024 ஏப்ரலில் ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறை. பிள்ளை நடத்திய பள்ளிப் படுகொலைக்காகப் பெற்றோர் இப்படித் தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதன்முறை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்கவேண்டும் என்ற சட்டம் மிச்சிகனில் 2024 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. நான்கு சவப்பெட்டிகள் போன பிறகு வந்து சேர்ந்தது ஒரு பூட்டு!

"ஆயுதம் ஏந்துவது எங்கள் உரிமை, 1791 முதல் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது" என்கிறார்கள். இருக்கட்டும். அந்த நாட்டு மக்கள் தங்கள் சட்டத்தைப் பற்றித் தாங்களே முடிவு செய்வார்கள். ஆனால் தொலைப்பதற்கு உரிமை வேண்டும் என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம். உரிமை என்று நெஞ்சை நிமிர்த்துகிறவன், பொறுப்பு என்றதும் ஏன் முகத்தைத் திருப்ப வேண்டும்?

"தொலைத்ததைச் சொல்லச் சொன்னால் நேர்மையானவன்தான் அகப்படுவான், திருடன் தப்பிப்பான்" என்கிறார்கள். இல்லை. உடனே சொன்னவன் அகப்படுவதில்லை, காப்பாற்றப்படுகிறான். நாளை அந்தத் துப்பாக்கி வேறெங்கோ வெடித்தால், அது என் கையில் இல்லை என்பதற்கு அவன் கொடுத்த புகாரே சாட்சி. திருடனுக்கு விற்றுவிட்டு, தொலைந்துபோயிற்று என்று பிறகு கதை சொல்கிறவனுக்குத்தான் அந்தச் சட்டம் கசக்கும்.

"பூட்டி வைத்தால் திருடன் வரும்போது என்ன செய்வது?" என்கிறார்கள். விரல் வைத்தால் சில நொடிகளில் திறக்கும் பெட்டி இன்று விற்பனைக்கு இருக்கிறது. வராத திருடனுக்காகத் திறந்து வைத்த துப்பாக்கி, வீட்டிலிருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டுகிறது. 2014 டிசம்பரில் இடாகோ மாநிலத்துக் கடையொன்றில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையைத் துழாவிற்று, துப்பாக்கி அகப்பட்டது, தாய் அங்கேயே பிணமானாள். எந்தத் திருடனிடமிருந்து காத்துக்கொள்ள அது பைக்குள் இருந்தது?

பிற நாடுகள் வழி கண்டிருக்கின்றன. பிரிட்டனில் உரிமம் பெற்றவன் பூட்டி வைத்தாக வேண்டும். தொலைந்தால் ஏழு நாட்களுக்குள் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஜப்பானில் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, குண்டுக்கு வேறு பெட்டி, ஆண்டுதோறும் போலீசாரின் பார்வை. ஆஸ்திரேலியாவில் 1996-இல் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, அரசே ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. மிச்சமிருந்தவற்றுக்குப் பூட்டைக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்காவிலேயே ஓரிகான் மாநிலம் 2021-இல், பூட்டி வை, தொலைந்தால் 72 மணி நேரத்தில் சொல் என்று சட்டம் செய்தது. வேட்டைக்காரன் வேட்டைக்குப் போகிறான். உழவன் வயலைக் காக்கிறான். எவனுடைய உரிமையும் செத்துப்போகவில்லை.

நாம் சொல்வது மிகச் சிறிய பேச்சு. துப்பாக்கிக்கு இரண்டே இடங்கள்தான் உண்டு. ஒன்று, உடையவனின் கை. மற்றொன்று, பூட்டிய பெட்டி. மூன்றாவது இடம் கிடையாது. தலையணைக்கடி இடமல்ல, கார் இருக்கை இடமல்ல, துணிக்குப் பின்னால் இடமல்ல, கைப்பை இடமல்ல. இந்த இரண்டில் ஒன்றில் அது இருக்குமானால், "எங்கே வைத்தேன்?" என்ற கேள்வியே எழாது. எழுந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காதே. முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பு, பிறகு தேடு. கிடைக்காவிட்டால் அன்றைக்கே போலீசுக்குச் சொல்.

மறதிக்கு மன்னிப்பு உண்டு. மறப்போம் என்று தெரிந்தும் பூட்டாமல் விட்டதற்கு என்ன சமாதானம் சொல்வது? தொலைத்தவன் சொல்லவேண்டிய சமாதானம் அவன் மனச்சான்றுக்கு மட்டும் போதாது. நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆக்ஸ்போர்டு ஊரின் தாய்மார்கள் முன்னே நின்று அதைச் சொல்ல முடியுமா?

முடியாது என்றால், இன்றிரவே பூட்டட்டும்!