நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் எட்டாம் வகுப்பில் எய்ட்ஸ் பற்றிப் பேசினேன். கரும்பலகையில் மண்டை ஓடு வரைந்து, "வந்தால் மரணம்தான்" என்று முடித்துவிட்டேன்.

அந்த வகுப்பில் இருந்த ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் என்று கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தும் ரொம்ப நாள் பரிசோதனைக்குப் போகவில்லையாம். "நீங்கதானே சார் மண்டை ஓடு போட்டீங்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பரிசோதனைக்குப் போனபோது சிடி4 எண்ணிக்கை 90.

சிடி4 என்பது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு. எச்.ஐ.வி. கிருமி அதைத்தான் அழிக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் காசநோய் போன்றவை எளிதில் தொற்றும். நம் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரி, எத்தனை பேர் மிச்சம் என்று இது காட்டும். கிருமி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்வது வைரல் லோடு பரிசோதனை. இரண்டும் வேறு வேறு.

இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டறிந்தவர்களே நம் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்தான். 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. 2004-ல் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து வந்தது. அப்போது சிடி4 நன்றாகக் குறைந்த பிறகுதான் மாத்திரை தொடங்குவார்கள். 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே மருந்து.

இப்போது அவனுக்கு 410. "ஏறிடுச்சே, மாத்திரையை நிறுத்தலாமா சார்?" என்றான். கூடாது. அந்த 410 மாத்திரை கொடுத்தது. நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும், எண்ணிக்கை மறுபடி இறங்கும். சளி, காய்ச்சலுக்குக்கூட இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். டாக்டரைக் கேளுங்கள்.

என் கருத்து இதுதான். அவனை 90 வரை இறக்கியதில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, நம் பயத்துக்கும் பேச்சுக்கும் அவ்வளவு பங்கு. தனித் தட்டு, தனி டம்ளர், கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விடுவது, இதையெல்லாம் பார்த்தவன் பரிசோதனைக்கு எப்படிப் போவான்? ஒன்றாகச் சாப்பிட்டால் இது ஒட்டாது. ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலமும் பரவாது. அடுத்தவர் நிலையை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். 1097-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அன்று வரைந்த மண்டை ஓட்டை இன்று அழிக்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சரியான பாடத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்