பயிற்சிக் கட்டணத்துக்கு முன் ஒரு கணக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பல இல்லங்களில் இரு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பிள்ளை எந்த நுழைவுத் தேர்வை எழுதுவது என்பது ஒன்று. எந்தப் பயிற்சி மையத்தில் பணம் கட்டுவது என்பது மற்றொன்று. இரண்டாவது முடிவு முதலாவதைவிட விரைந்து எடுக்கப்படுகிறது என்பதே நம் கவலை. ஈராண்டுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் செலுத்துவதற்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுப்பதும், நகையை அடகு வைப்பதும், கூடுதல் வட்டிக்குத் தனிநபர் கடன் பெறுவதும் புதியன அல்ல. இந்த வரிசை மாற வேண்டும் என்று நாம் கருதுகிறோம். பட்டப்படிப்புக்கான பணம் முதலில்; பயிற்சிக்கான பணம் அதற்குப் பின்னரே.

போட்டியின் அளவை முதலில் உணர்ந்துகொள்வது நன்று. நீட் தேர்வை அண்மை ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 லட்சத்தைக் கடந்தவை மட்டுமே. எத்தனை சிறந்த பயிற்சியாலும் இடங்களின் எண்ணிக்கை கூடிவிடாது. எனவே, உழைப்பில் குறையில்லாத பிள்ளைக்கும் இடம் கிடைக்காமற்போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டே குடும்பம் தன் வரவு செலவைத் திட்டமிட வேண்டும்.

தயாரிப்பின் அடித்தளமோ பெரும்பாலும் விலையின்றிக் கிடைப்பது. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். தேசியத் தேர்வு முகமை, முந்தைய ஜேஇஇ மெயின் வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் வெளியிட்டுள்ளது. மத்தியக் கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் இணைந்து 2023-இல் தொடங்கிய 'சாத்தி' தளம் பாடங்களையும் மாதிரித் தேர்வுகளையும் கட்டணமின்றி வழங்குகிறது. நீட், ஜேஇஇ மெயின், சியூஇடி ஆகிய மூன்றையும் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுத முடியும். எந்த மொழியில் சிந்திப்பது பிள்ளைக்கு எளிது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே சோதித்துப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

மாதிரித் தேர்வின் பயன், அதை எழுதி முடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. தவறிய ஒவ்வொரு வினாவையும், பாடம் தெரியாமையா, கவனக்குறைவா, நேரப் பற்றாக்குறையா எனப் பிரித்து ஒரு குறிப்பேட்டில் எழுதும் மாணவர், அடுத்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்பதைத் தாமே அறிந்துகொள்கிறார். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 குறையும். நான்கு விருப்பங்களுள் இரண்டை உறுதியாக நீக்கத் தெரிந்தவர், அத்தகைய இரு வினாக்களுள் சராசரியாக ஒன்றில் வென்று ஒன்றில் தோற்றாலும் 3 மதிப்பெண் மிச்சம். எதையும் நீக்க இயலாமல் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவருக்கு நான்கு வினாக்களுக்குச் சராசரியாக 1 மதிப்பெண்ணே மிஞ்சும், அதுவும் நிச்சயமன்று. அரைகுறையாய்த் தெரிந்ததையும் பயனாக்கும் இத்திறன் பழக்கத்தால் வருவது.

பெர்சன்டைல் என்னும் சொல்லும் பெற்றோரைக் குழப்புகிறது. ஜேஇஇ மெயின் தேர்வில் 90 பெர்சன்டைல் என்பது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அன்று. எழுதியோருள் 90 விழுக்காட்டினர் அம்மாணவருக்குச் சமமாகவோ கீழாகவோ உள்ளனர் என்பதே அதன் பொருள். எழுதுவோர் 10 லட்சம் என்றால், ஏறத்தாழ 1 லட்சம் பேர் அவருக்கு முன்னே நிற்கின்றனர். விளம்பரப் பலகையில் உள்ள எண்களைப் படிக்கும்போதும் இதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

பயிற்சி மையங்களே வேண்டா என்பது நம் வாதம் அன்று. பள்ளியில் இயற்பியலுக்கு நல்லாசிரியர் வாய்க்காத பிள்ளைக்கும், தனித்துப் படிக்கும் ஒழுங்கு அமையாத பிள்ளைக்கும் நல்ல வகுப்பு பேருதவி. ஆனால், தேவை எது என்று அறிந்த பின்னரே செலவு வர வேண்டும். மூன்று மாதம் இலவச வளங்களைக் கொண்டு படித்து, எந்தப் பாடத்தில் தேக்கம் என்று கண்டபின், அப்பாடத்துக்கு மட்டும் சேரலாம். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டு நெறிமுறைகள், 16 வயதுக்குட்பட்டோரைப் பயிற்சி மையங்கள் சேர்க்கலாகாது என்றும், தரவரிசைக்கு உறுதி தரலாகாது என்றும், இடையில் விலகும் மாணவருக்கு எஞ்சிய காலத்துக்கான கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. பணம் கட்டும் முன் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், தவணையாகச் செலுத்துவதும் பெற்றோர் கையில் உள்ள பாதுகாப்பு.

இனி வங்கிக் கணக்குக்கு வருவோம். பயிற்சிக் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு வருமான வரிச்சலுகை இல்லை. கல்விக் கடனோ பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் சேர்க்கை கிடைத்த பின் தரப்படுவது. கடன் உத்தரவாத நிதியத்தின்கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானமின்றிப் பெறலாம்; பழைய வரி முறையைத் தெரிவு செய்வோர், அதன் வட்டிக்கு 8 ஆண்டுகள் வரை கழிவு கோரலாம். செல்வமகள் சேமிப்புக் கணக்கிலிருந்தும் உயர்கல்விக்காக, சேர்க்கைக்கான சான்று காட்டி, இருப்பில் பாதி வரை எடுக்க முடியும். சட்டமும் திட்டங்களும் பட்டப்படிப்புக்கே துணை நிற்கின்றன. பயிற்சிக்குக் கையிருப்பைக் கரைத்தவர், கல்லூரியின் வாயிலில் விடுதிக் கட்டணத்துக்கும் கடன் தேடும் நிலை வரலாகாது.

இறுதியாக, மறு ஆண்டு. ஜேஇஇ மெயினைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகளும், அட்வான்ஸ்டு தேர்வைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளும் மட்டுமே எழுதலாம். நீட் தேர்வுக்கு இத்தகைய வரம்பில்லை. வரம்பில்லாத இடத்தில் குடும்பமே வரம்பு கட்ட வேண்டும். எத்தனை முறை, எவ்வளவு தொகை, கிடைக்காவிட்டால் எந்தப் பட்டப்படிப்பு என்பவற்றை முடிவு வெளிவருவதற்கு முன்பே பிள்ளையுடன் அமர்ந்து பேசிவிடுதல் நலம். "உனக்காக இவ்வளவு செலவழித்தோமே" என்ற சொல் பிள்ளையின் தோளில் ஏற்றும் சுமை பெரிது. உறக்கமின்மையோ, பேச்சற்ற ஒதுக்கமோ தென்பட்டால், டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

செலவுக்கு ஓர் எல்லை வகுத்த குடும்பத்தில் பிள்ளை அச்சமின்றிப் படிக்கும். அந்த எல்லையை இந்த மாதமே, முதல் தவணைக்கு முன், ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.