கணக்கில் வராத ஓட்டம்

இரவுப் பணி முடிந்து திரும்பும் காவலாளிகளும் காலை ஷிப்டுக்குப் புறப்படும் தொழிலாளர்களும் அத்திபெலே பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்படுவது அன்றாடக் காட்சி. விசாகப்பட்டினத்தில் அப்படியொரு தனியார் காவலாளியின் மகளாகப் பிறந்தவர் ஜோதி யர்ராஜி. தாயார் வீட்டு வேலையும் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையும் பார்த்தவர். அந்தக் குடும்பத்துப் பெண் 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் 2023-லும் 2025-லும் ஆசிய சாம்பியன் ஆனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்பந்தயத்தில் கலந்துகொண்டு, அவ்வாறு கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் என்ற பெயரும் பெற்றார்.

மாலை மரியாதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் இந்தப் பெண்ணின் உழைப்பு ஏட்டில் ஏறுவதற்குப் பட்ட பாட்டைப் பலர் மறந்துவிட்டனர்.

2020 ஜனவரியில், இதே கர்நாடகத்தின் மூடபித்ரியில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி நடந்தது. ஜோதி 13.03 வினாடியில் ஓடி முடித்தார். அப்போது தேசிய சாதனை, அனுராதா பிஸ்வால் 2002-ல் ஏற்படுத்திய 13.38 வினாடி. பதினெட்டு ஆண்டு சாதனை தகர்ந்தது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? அங்கீகாரம் கிடைக்கவில்லை. அவருக்கு ஊக்க மருந்துச் சோதனை நடத்தப்படவில்லை. தடகள சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் களத்தில் இல்லை. ஓட வேண்டியவர் ஓடிவிட்டார். சோதிக்க வேண்டியவர்களும் சாட்சி சொல்ல வேண்டியவர்களும் இல்லை. வேலை பார்த்தும் மஸ்டர் ரோலில் பெயர் ஏறாமல் நாள்கூலியை இழந்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

2022 ஏப்ரலில் கோழிக்கோட்டில் மீண்டும் பழைய சாதனையை விட வேகமாக ஓடினார். பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, அன்று 2.1 என்று கருவி காட்டியது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அளந்தார்கள், எழுதினார்கள், விதிப்படி தள்ளினார்கள். மறு மாதம் சைப்ரஸ் தீவின் லிமசோல் நகரில் 13.23 வினாடி. அதுதான் சாதனையாகப் பதிவாயிற்று. 13.03-ல் ஓடிக் காட்டியவரை 13.23-க்குப் பாராட்டிய விந்தை இது!

அவ்வாண்டு அக்டோபரில் பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் 12.82 வினாடி ஓடினார். 2023-ல் ஹாங்சௌ ஆசியப் போட்டி இறுதியில், துப்பாக்கி வெடிக்குமுன் புறப்பட்ட சீன வீராங்கனையோடு சேர்த்து இவரையும் வெளியேற்றப் பார்த்தார்கள். ஜோதி விட்டுக்கொடுக்கவில்லை, படத்தைப் போட்டுப் பாருங்கள் என்று நின்றார். வெள்ளிப் பதக்கம் வந்தது. அதே இறுதியில் கோவையைச் சேர்ந்த நித்யா ராம்ராஜும் ஓடினார் என்பது தமிழர்கள் மகிழ வேண்டிய செய்தி.

பாரிஸுக்கு நேரடித் தகுதி 12.77 வினாடி, ஜோதியின் சிறந்த நேரம் 12.78. நூறில் ஒரு பங்கு வினாடியில் அது நழுவியது. தரவரிசையின் பேரில்தான் இடம் கிடைத்தது. பந்தயமோ 2 அடி 9 அங்குல உயரத்தில் பத்துத் தடைகள் கொண்டது. இவ்வளவு நுட்பமான ஆட்டத்தில் அதிகாரிகள் ஏனோதானோவென்று இருந்தால், பெண் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு அரை நாள் கூலியை விட்டுக்கொடுக்கும் பெற்றோர் எதை நம்புவது? பல்கலைக்கழக, மாநிலப் போட்டிகள் அனைத்திலும் காற்றுமானி, மருந்துச் சோதனை, சம்மேளனப் பிரதிநிதி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே முதல் பந்தயத்தைத் தொடங்க அனுமதிக்க வேண்டும்.