மறுமுறை முதுகைத் திறக்குமுன்



கோணிய முதுகெலும்பை நிமிர்த்தக் கம்பி வைத்துப் பல ஆண்டுகள் கடந்தபின், மீண்டும் வலியும் கூனலும் தோன்றி, "மறு அறுவை தேவை" என மருத்துவர் கூறுவதுண்டு. முன்பு செய்ததுதானே என்று எளிதாக எண்ணிவிடலாகாது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்னும் மருத்துவர், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு கோணிய சிறார்க்கென எஃகுக் கம்பியொன்றை வடிவமைத்து, 1962-இல் அதுபற்றி எழுதினார். மேலும் கீழும் கொக்கியிட்டு முதுகை நீட்டி நிமிர்த்துவது அதன் வேலை. அந்நாளில் அது பெரும் பேறே. ஆயினும் இடுப்புக்கு மேலே நம் முதுகில் இயல்பான ஓர் உட்குழிவு உண்டு. கம்பி கீழ்முதுகுவரை நீண்டவர்களில் பலருக்கு அக்குழிவும் தட்டையாயிற்று. இளமையில் உடல் ஈடுகொடுத்தது. வயது ஏறியபின் கீழுள்ள மூட்டுகள் தேய, முழங்காலை மடக்கினாலன்றி நிமிர்ந்து நிற்க இயலாமற்போயிற்று. 'தட்டை முதுகு' என்றே இதற்குப் பெயரிட்டனர்.

இத்தகையோரின் எலும்புகள் முன்பே ஒன்றாய் ஒட்டியிருக்கும். அதனை ஆப்பு வடிவில் வெட்டியெடுத்தே குழிவை மீண்டும் உண்டாக்க வேண்டும். குருதி மிகுதியாக இழக்கப்படும். பழைய தழும்பு தண்டுவட உறையோடு ஒட்டியிருப்பதால், உறை கிழிந்து நீர் கசியலாம். நரம்பும் ஊறுபடலாம். முதல் அறுவையும் மறு அறுவையுமாகக் கடினமான கோணல் அறுவைகள் செய்துகொண்ட 272 பேரை, 15 மருத்துவ நிலையங்களில் கவனித்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. மருத்துவமனையை விட்டுச் செல்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேருக்குக் கால்களின் வலிமை குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது 11 ஆயிற்று. பலர் தேறுகின்றனர் என்பதையும், எல்லாரும் அல்லர் என்பதையும் இல்லத்தார் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பின்னரும் சீழ் பிடிக்கலாம். எலும்பு ஒட்டாவிடில் கம்பி முறியலாம். கம்பியின் மேல்முனையை அடுத்த எலும்பு நொறுங்கிக் கூன் விழலாம். வயதை மாற்ற முடியாது. புகைப்பதை நிறுத்த முடியும். புகையிலை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கிறது. எலும்பின் அடர்த்தியைச் சோதித்து, குறைவாயின் முதலில் அதற்கு மருந்து பெறுங்கள். நீரிழிவைக் கட்டுக்குள் கொணருங்கள். (சர்க்கரை நோயை அண்டை வீட்டாரிடம் விரிவாகச் சொல்லி, மருத்துவரிடம் மறைப்போர் நம்மிடையே உண்டு!) இவற்றுக்காகச் சில மாதம் காத்திருப்பது பெரும்பாலும் வீணன்று. ஆனால் கால்கள் விரைந்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமற்போனாலோ ஒருநாளும் தாமதிக்கலாகாது.

பழைய அறுவையின் குறிப்புகள் எங்கேனும் பெட்டியில் இருப்பின் தேடியெடுத்துச் செல்லுங்கள். உள்ளிருக்கும் கம்பியும் திருகும் எவ்வகையின என்று தெரிந்தால்தான், அவற்றைக் கழற்றத்தக்க கருவியை மருத்துவர் முன்கூட்டியே தருவித்து வைக்க இயலும்.