பன்றிக்கறியைக் குத்திக் காட்டினால் நல்ல கத்தி ஆகிவிடுமா?

கொக்கியில் பெரிய பன்றிக்கறித் துண்டு ஒன்று தொங்குகிறது. அதைச் சுற்றி ஜீன்ஸ் துணி. ஒருவர் வந்து ஓங்கி ஒரே குத்து... கத்தி பிடி வரைக்கும் உள்ளே போகிறது. அடுத்த காட்சியில் அதே ரகக் கத்தியால் கார் பானெட்டில் ஓட்டை போடுகிறார்கள். கத்தி உடையவில்லை.

இது சண்டைப் படம் இல்லை. கோல்டு ஸ்டீல் என்ற அமெரிக்கக் கத்திக் கம்பெனியின் விளம்பரப் படம். லின் தாம்ப்சன் 1980-ல் கலிஃபோர்னியாவின் வென்சுரா நகரில் ஆரம்பித்த கம்பெனி இது. ஜப்பானின் டான்டோ பாணி முனையை அமெரிக்கச் சந்தையில் பிரபலமாக்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 2020 டிசம்பரில் ஜி.எஸ்.எம். அவுட்டோர்ஸ் இதை வாங்கிவிட்டது. கை மாறினாலும் பெயர் மாறவில்லை. "டாக்டிகல் கத்தி" என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் பெயர்களில் இதுவும் ஒன்று.

சரி, அந்தப் படம் எதை நிரூபிக்கிறது? முனை சட்டென்று உடையாது, கைப்பிடி கழன்று வராது. அவ்வளவுதான். பானெட் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பதமேற்றிய ஸ்டீல் அந்த மெல்லிய தகட்டைத் துளைப்பதில் பெரிய அதிசயம் இல்லை. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. கூர் எத்தனை நாள் நிற்கும்? மழுங்கினால் சாணை பிடிப்பது சுலபமா? துரு ஏறுமா? இதையெல்லாம் படமாக எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம் :)

அதற்காக எல்லாமே வெறும் பந்தா என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மடக்குக் கத்தியில் உயிர்நாடியான இடம் லாக். வேலை நடுவே அது விட்டுக்கொடுத்தால் அலகு மடங்கி விரலில்தான் விழும். ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த ட்ரை-ஆட் லாக்கில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. சாதாரண பின்-லாக்கில் சுமையை நெம்புகோல் துண்டும் அதன் சிறு ஊசியும் தாங்க வேண்டும். ட்ரை-ஆட் லாக்கில் நடுவே ஒரு தனி ஊசி நின்று சுமையை வாங்கிக்கொள்கிறது. நாள்பட்ட தேய்மானத்தையும் லாக் தானே சரிக்கட்டிக்கொள்ளும். ரீகான் 1 போன்ற மாடல்களுக்குக் கொடுக்கும் காசில் இந்த லாக்குக்கான பங்கு நியாயமான பங்கு.

சிக்கல் ஆரம்பிப்பது ஸ்டீலின் பெயரில். இதே கம்பெனியின் எஸ்.ஆர்.கே. கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 6 அங்குல அலகு, மடங்காத ரகம். ஒரே வடிவத்தைப் பல ஸ்டீல்களில் விற்றிருக்கிறார்கள். எஸ்.கே-5 என்ற சாதா கார்பன் ஸ்டீல் ஒன்று. அடுக்கு அடுக்காகச் செய்த சான் மாய் இன்னொன்று. சி.பி.எம். 3வி என்ற பவுடர் ஸ்டீல் மற்றொன்று. முதலாவதைவிட மற்ற இரண்டும் பல மடங்கு விலை.

விலை பல மடங்கு என்றால் கத்தியும் பல மடங்கு நல்லதா? இல்லவே இல்லை. 3வி ஸ்டீல் கடும் அடியைத் தாங்குவதில் கெட்டி, கூரும் அதிக நேரம் நிற்கும். அது என்னவோ உண்மைதான். ஆனால் எஸ்.கே-5 சாதாரண சாணைக்கல்லிலேயே சீக்கிரம் கூர் ஏறிவிடும். துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் துருவும் அண்டாது. முதல் வருஷம் பொருளாதாரத்தில் படிக்கும் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதிக்குப் பாடப்புத்தகம் தரும் ஆப்பிள் உதாரணத்தைவிட இது நல்ல உதாரணம். கூடுதலாகப் போடும் ஒவ்வொரு டாலருக்கும் கிடைக்கும் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போகிறது.

இன்னொன்றும் உண்டு. உலோகவியலாளர் லாரின் தாமஸ் 2020-ல் வெளியிட்ட 'நைஃப் இன்ஜினியரிங்' புத்தகம் கூர் நிற்பதற்கு ஸ்டீலின் பெயர் மட்டும் போதாது, கடினமும் கூர்முனையின் கோணமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன என்று விளக்குகிறது. ஒரே ஸ்டீலைக் குறுகிய கோணத்தில் தீட்டினால் அதிக நேரம் வெட்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள கேட்ரா நிறுவனத்தின் இயந்திரம் மணல்துகள் கலந்த அட்டையை வெட்டவிட்டு இதை அளக்கிறது. பன்றிக்கறியைவிட இந்த அட்டைக்கட்டு நம்பகமான சாட்சி. சாணைக்கல்லில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கிடைக்கக்கூடிய லாபத்தை, காசு கொடுத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

பழைய கணக்கு ஒன்றையும் பார்க்கலாம். 1942-ல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட கத்தியை, நியூயார்க் மாநிலத்து ஓலியன் ஊரின் யூனியன் கட்லரி கா-பார் முத்திரையோடு செய்து கொடுத்தது. சாதா கார்பன் ஸ்டீல், தோல் வளையங்களை அடுக்கிச் செய்த கைப்பிடி. ஒரு உலகப் போரையே பார்த்துவிட்ட கத்தி அது.

"உயிர் போகும் நேரத்தில் காசா முக்கியம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மீட்புப் பணியாளருக்கும் போர்முனைச் சிப்பாய்க்கும் அந்தக் கூடுதல் விலை இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. கொடுக்கலாம். ஆனால் பார்சல் பெட்டி பிரிக்கிறவரும், முகாமில் விறகுச் சுள்ளி சீவுகிறவரும் அதே பிரீமியத்தைக் கட்டுவது, சைக்கிளுக்கு லாரி இன்ஷூரன்ஸ் எடுப்பது போல.

ஆகவே தீர்ப்பு இதுதான். கோல்டு ஸ்டீல் தரமான பிராண்டு, சந்தேகமே வேண்டாம். அதன் மதிப்பு இருப்பது லாக்கிலும் விலை குறைந்த எஸ்.கே-5 கத்திகளிலும். அதற்கு மேல் கொடுக்கும் காசில் ஒரு பகுதி ஸ்டீலுக்குப் போகிறது, மீதி "டாக்டிகல்" என்ற ஒரு சொல்லுக்கு. அந்தச் சொல்லால் ஒரு தக்காளியைக்கூட நறுக்க முடியாது.