லைப்ரரியில் எடுத்தது, அதனால் சரியா?

அத்திப்பட்டு, மணலி, அம்பத்தூர் என்று எந்தப் பக்கத்து டிராயிங் ஆபீசுக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். "இந்த இடத்தில் ஏன் இந்த போல்ட்?" என்றால் ஒரே பதில்தான் வரும்: "லைப்ரரியில இருந்து எடுத்தது சார்." அதற்குமேல் பேச்சு நகராது. கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். லைப்ரரியில் இருப்பதெல்லாம் தரநிலைப்படி செய்தது. தரநிலைப்படி செய்ததில் தப்பு வராது. தப்பு வராத இடத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? டிசைன் துறையில் இவ்வளவு ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை வேறு இல்லை. சைட்டில் இவ்வளவு கேஸ் கட்டரைப் பற்றவைத்த நம்பிக்கையும் வேறு இல்லை.

கேட் மென்பொருள் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இயந்திரங்களை இன்று கணினித் திரையில் முப்பரிமாணமாக வரைகிறார்கள். போல்ட், நட், வாஷர், பேரிங், ஃபிளாஞ்ச், இரும்புச் சேனல் போன்றவற்றை யாரும் கோடு கோடாக வரைவதில்லை. சாலிட்வொர்க்ஸில் டூல்பாக்ஸ் என்றும், இன்வென்டரில் கன்டென்ட் சென்டர் என்றும் ஆயத்தக் கிடங்குகள் உண்டு. எந்த நாட்டுத் தரநிலை, என்ன அளவு, எவ்வளவு நீளம் என்று பட்டியலில் தொட்டால், பாகம் வந்து துளையில் உட்கார்ந்துகொள்ளும். நல்ல வசதி. எம்16 போல்ட்டை மரை மரையாகக் கையால் வரையச் சொல்கிறவன் வேலை தெரியாதவன்.

தரநிலையின் அருமை தெரியாமலும் நான் பேசவில்லை. 1841-இல் இங்கிலாந்தின் விட்வொர்த் மரைக்கு ஒரே அளவு வேண்டும் என்று கேட்டதற்கு முன்னால், ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. 1904-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வெளியூர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் ஓடிவந்தன. பல வண்டிகளின் குழாய் மூட்டு அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை. நம் ஊரிலேயே, திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையின் பழைய புல்லட்டைக் கழற்றிய மெக்கானிக்கைக் கேளுங்கள். பிரிட்டிஷ் மரைக்கென்று ஒரு ஸ்பேனர் செட்டைத் தனியாகவே வைத்திருப்பார். எல்லாரும் ஒரே அளவுக்கு வந்தது பெரிய காரியம். என் சண்டை அதோடு அல்ல. அந்த அளவுப் பட்டியலில் விரல் வைத்ததையே முடிவெடுத்ததாக எண்ணிக்கொள்கிறார்களே, அதோடுதான்.

அத்திப்பட்டு மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. வட சென்னை அனல்மின் நிலையம் இங்கேதான் நிற்கிறது: முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் 3, அடுத்த கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் 2. பக்கத்திலேயே வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் 3. அனல்மின் நிலக்கரியை முதன்மையாகக் கருதித்தான் எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். கப்பலில் வந்த கரி கன்வேயர் பெல்ட் ஏறி மின் நிலையத்துக்குப் போகிறது. பெல்ட்டைத் தாங்குபவை ஐட்லர் ரோலர்கள். கரி ஏறிப் போகும் பக்கத்தில் மீட்டருக்கு ஒரு செட், செட்டுக்கு மூன்று ரோலர், ரோலருக்கு இரண்டு பேரிங் என்று பொதுக் கணக்குப் போட்டாலே, கிலோமீட்டருக்கு ஆறாயிரம் பேரிங். வெறும் பெல்ட் திரும்பி வரும் அடிப்பக்கம் இதில் சேரவில்லை.

ஒரு ரோலரில் 6205 பேரிங் போடுவதாக வைத்துக்கொள்வோம். உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. உலகில் யார் செய்தாலும் இந்த மூன்று எண்கள் மாறாது. லைப்ரரியில் தொட்டதும் இந்த அளவில் ஒரு வளையம் வந்து ஷாஃப்டில் கனகச்சிதமாக உட்காரும். வரைகிற பையன் அடுத்த வேலைக்குப் போய்விடுவான். ஆனால் பேரிங்கின் ஆயுளை நிர்ணயிப்பது 6205 என்ற எண்ணுக்குப் பிறகு வரும் எழுத்துகள். இசட்இசட் என்றால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி. தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். 2ஆர்எஸ் என்றால் உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பர் சீல். தூசியை நன்றாகத் தடுக்கும், சுழற்சியையும் கொஞ்சம் பிடிக்கும். சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்குச் சாதாரணத்தைவிடக் கூடுதல் இடைவெளி உண்டு. சூடேறி விரிந்தாலும், அழுத்திப் பொருத்தும்போது வளையம் சற்று இறுகினாலும் இறுகிப்போகாமல் சுழலும். எழுத்தே இல்லாவிட்டால் மூடி கிடையாது, இடைவெளியும் சாதாரணம்.

திரையில் நான்கும் ஒன்றுதான். அதே வளையம், அதே சாம்பல் நிறம், அசெம்பிளியில் அதே பொருத்தம். வெளியே ஒரு பக்கம் கரித்தூள், இன்னொரு பக்கம் வங்கக் கடலின் உப்புக் காற்று, நடுவில் சாம்பல் குளம். இந்த மூன்றுக்கும் நடுவே எந்த எழுத்து வேண்டும் என்பது ரோலரின் வாயில் என்ன சீல் வைத்திருக்கிறோம், எவ்வளவு கிரீஸ் நிரப்புகிறோம், ஷாஃப்டை எவ்வளவு இறுக்கிப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. வெளியே நல்ல வளைவுச்சந்துச் சீல் (லேபிரிந்த்) இருந்தால் உள்ளே ரப்பர் சீல் தேவைப்படாமலும் போகலாம். இதை யாராவது உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும். யோசிக்காமல் விட்டால் மெட்டீரியல் லிஸ்டில் "6205" என்று மொட்டையாகப் போகும். பர்ச்சேஸ்காரர் விலை குறைந்ததை வாங்குவார். சில மாதங்களில் ஒரு ரோலர் இறுகி நிற்கும். நின்ற ரோலர்மேல் பெல்ட் தேய்ந்துகொண்டே ஓடும், ரோலர் சூடேறும். நிலக்கரி கன்வேயரில் தீப்பிடிப்பதற்கு எந்த நாட்டிலும் முதலில் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்று.

போல்ட்டும் இதே கதைதான். லைப்ரரியில் எம்16, நீளம் 60 என்று எடுத்தால் வருவது ஒரு வடிவம். 4.6 கிரேடா, 8.8 கிரேடா? முந்தையதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன், பிந்தையது 800. சரிபாதி வித்தியாசம் படத்தில் தெரியாது. மேற்பூச்சு என்ன? மின்முலாம் பூசிய துத்தநாகம் சில மைக்ரான்தான். பளபளவென்று இருக்கும், எண்ணூர்க் காற்றில் சீக்கிரமே பழுப்பேறும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் ஐம்பது மைக்ரான் அளவுக்குத் தடிப்பாகப் பிடிக்கும். கடலோரத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் அந்தத் தடிப்பு மரையின் மேலும் உட்காருவதால், நட்டின் மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டியிருக்க வேண்டும். ஐ.எஸ். 1367-இன் 13-ஆம் பகுதி முழுக்க இந்தச் சமாசாரம்தான். இந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காத டிராயிங் சைட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஸ்டோரில் இருந்து சாதா நட் வரும், ஏறாது. ஃபிட்டர் டை போட்டு போல்ட் மரையைச் சுரண்டி ஏற்றுவார். காசு கொடுத்துப் பூசிய துத்தநாகம் தேவையான இடத்திலேயே உதிர்ந்துவிடும். அந்த ஃபிட்டர்மேல் எனக்குக் கோபமே வராது. அவர் கையில் திணிக்கப்பட்ட முடிவு அது.

ஃபிளாஞ்சில் இன்னும் வேடிக்கை. நான்கு இஞ்சுக் குழாய்க்கு அமெரிக்க முறைப்படி 150 கிளாஸ் ஃபிளாஞ்ச் எடுத்தால் எட்டுத் துளை. ஐரோப்பிய முறைப்படி பிஎன்16 எடுத்தாலும் எட்டுத் துளை. வெளி விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று. துளைகள் அமரும் வட்டம் மட்டும் ஒன்றில் 190.5 மில்லிமீட்டர், மற்றதில் 180. திரையில் தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் படாது. ஐரோப்பாவிலிருந்து வந்த பம்புக்கு முன்னால் நம் குழாயைக் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் பத்து மில்லிமீட்டர் பல்லைக் காட்டும். அரை இஞ்சுக் குழாய் மரை இதைவிட நயவஞ்சகம்: பிரிட்டிஷ் பி.எஸ்.பி.யிலும் அமெரிக்க என்.பி.டி.யிலும் இஞ்சுக்கு 14 மரை. ஒன்றின் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60. கையால் சுற்றினால் ஏறும், இறுகவும் செய்யும், அழுத்தம் கொடுத்ததும் கசியும். பத்துப் பொருத்தமும் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணத்தைப்போல, எல்லாம் ஜாதகத்தில் சரியாகத்தான் இருக்கும்.

உத்தரத்துக்கு ஐரோப்பிய ஐ.பி.இ. 200 எடுத்து வரைந்துவிட்டு, நம் யார்டில் கிடைக்கும் ஐ.எஸ்.எம்.பி. 200-ஐ வாங்கிப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உயரமும் அகலமும் ஒன்று. நம்முடையது மீட்டருக்கு இரண்டு மூன்று கிலோ கூடுதல், அதன் விளிம்பின் உட்புறம் சாய்வு. சாய்வுக்கேற்ற டேப்பர் வாஷர் டிராயிங்கில் இருக்காது; போல்ட் தலை வளைந்து உட்காரும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு ஒரு வலுவான வாதத்தை எடுத்து வைக்கும். மனிதன் தன் கண்ணை நம்பியதால் அல்லவா விபத்து வந்தது என்று கேட்பார்கள். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-இன் முன் கண்ணாடி வானத்தில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடல் வெளியே தொங்க, ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவர் பிழைத்தார். காரணம்: புறப்படுவதற்கு 27 மணி நேரம் முன்பு கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் 0.66 மில்லிமீட்டர் சிறியவை, மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. பராமரிப்பு மேலாளர் கேட்டலாகைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டுக்கு ஒப்பாகக் கண்ணாலேயே பார்த்து எடுத்திருந்தார்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய போல்ட்டுகளே தப்பானவை. முன்பு யாரோ போட்டது, ஓடிக்கொண்டிருந்தது, அதனால் சரி என்று வழிவழியாக வந்தது. போன பிராஜெக்ட்டில் இழுத்துப் போட்ட பாகத்தை இந்தப் பிராஜெக்ட்டுக்கு நகலெடுக்கிறவர் அதே மேலாளரின் பங்காளிதான். சரியான எண் கேட்டலாகில் இருந்தது. அதைப் படித்திருக்க வேண்டும். அச்சுக் கேட்டலாகில் ஒரு வரியைத் தேடும்போது பக்கத்து வரியும் அடிக்குறிப்பும் கண்ணில் பட்டே தீரும். "இந்த வெப்பத்துக்குமேல் கூடாது", "கடலோரத்துக்கு இன்ன பூச்சு" என்று யாரோ பட்டறிந்து எழுதிவைத்த வரிகள் அவை. மென்பொருளின் கீழ்விரிப் பட்டியலில் அடிக்குறிப்பு கிடையாது. முதலில் எது தெரிகிறதோ அதுவே தேர்வாகிவிடுகிறது. லைப்ரரியை யாரும் படிப்பதில்லை, தொடுகிறார்கள்.

இனி, தொட்டதோடு நிற்காமல் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு வருவோம். இவர்கள் முதல் வகையினரைவிடத் துணிச்சல்காரர்கள். திரையில் போல்ட் மூன்று மில்லிமீட்டர் நீண்டு இடிக்கிறது. எம்12 போல்ட்டின் நீளத்தை 47 என்று மாற்றிவிடுகிறார்கள். 45-க்கு அடுத்தது 50 என்றுதான் தரநிலை அடுக்கு. 47 எந்தக் கடையிலும் கிடையாது. 50 வாங்கி லேத்தில் அறுக்க வேண்டும். மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ஆங்கிளையும் சேனலையும் நீளத்துக்கு வெட்டித்தான் ஆக வேண்டும், அதற்கென்றே இன்வென்டரில் கஸ்டம் என்று தனி வழி வைத்திருக்கிறார்கள். மாற்றினால் அது வேறு பாகம், அதற்கு வேறு எண், வேறு விவரம் வேண்டும். அதைத்தான் செய்வதில்லை. பேரிங் ஹவுசிங்கில் கூடுதலாக ஒரு துளை போடுவார்கள். விவரக் கட்டத்தில் பழைய கேட்டலாக் எண்ணே இருக்கும். லிஸ்ட் அந்த எண்ணையே அச்சிடும். ஸ்டோரும் நியாயமாகத் துளையில்லாத ஹவுசிங்கை அனுப்பிவைக்கும்.

டூல்பாக்ஸில் இன்னொரு கூத்து உண்டு. அந்தப் பாகத்தின் கோப்புக்குள் தான் டூல்பாக்ஸில் பிறந்ததற்கு ஒரு அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். நகலெடுத்து வேறு ஃபோல்டரில் வைத்துத் திருத்தினாலும், இன்னொரு கணினியில் திறக்கும்போது அதே பெயரில் அங்கிருக்கும் மூலத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளும். திருத்தம் காணாமல் போகும். நாம் பயன்படுத்திய அளவு அந்தக் கணினியில் உருவாக்கப்படாமல் இருந்தால், சின்னஞ்சிறு திருகு இருந்த இடத்தில் உலக்கை பருமனுக்கு ஒரு போல்ட் நிற்கும். அப்போது ஆபீசே சிரிக்கும். உலக்கை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் ஆபத்தில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு அளவு மாறினால் சிரிக்க ஆளிருக்காது.

பழியை இளம் பிள்ளைகள்மேல் போட எனக்கு மனமில்லை. மூன்று மாதக் கோர்ஸில் எந்தப் பொத்தானைத் தொட்டால் பாகம் வரும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பெட்டிகூட அந்த வகுப்பில் இருப்பதில்லை. வேலைக்கு வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை ஷீட் என்று கணக்கு. யோசித்த நேரத்துக்குக் கணக்குக் கட்டம் எந்த டைம்ஷீட்டிலும் கிடையாது. லைப்ரரி நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று மேனேஜர் சொல்கிறாரே, அந்த மிச்சம் எங்கே போகிறது என்று சைட்டில் போய்ப் பார்த்தால் தெரியும். ஓவர்டைம் பில்லில் இருக்கும்.

பரிகாரம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. உலகத் தரநிலை அத்தனையையும் திறந்துவைத்த லைப்ரரி நமக்கு எதற்கு? வாங்காத நாட்டின் தரநிலைகளை மூடிவையுங்கள். நம் பகுதியில் கிடைக்கும் அளவு, கிரேடு, பூச்சு மட்டும் மிஞ்சட்டும். கிரேடு கட்டமும் பூச்சுக் கட்டமும் வெறுமையாக இருந்தால் டிராயிங் செக்கிங் மேசையைத் தாண்டக்கூடாது. மாற்றிய பாகத்துக்கு அன்றே புது எண் கொடுங்கள். பழைய ஃபிட்டர் ஒருவரை மாதத்தில் ஒரு நாள் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதிதாகச் சேரும் டிராஃப்ட்ஸ்மேனை முதல் வாரத்திலேயே அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிப் பாரிமுனைக்கு அனுப்புங்கள். கையில் அவன் போட்ட லிஸ்ட் இருக்கட்டும். அங்கே ஹார்டுவேர் கடையில் போய் "எம்16, அறுபது நீளம், ஐம்பது பீஸ்" என்று கேட்கட்டும். கடைக்காரர் போல்ட்டை எடுக்க எழுந்திருக்கமாட்டார். என்ன கிரேடு, என்ன பூச்சு, முழு மரையா பாதி மரையா, நட் எந்த வகை என்று வரிசையாகக் கேட்பார். அதற்குப் பதில் தெரிந்துகொண்டு திரும்பி வருகிறவனிடம் மௌஸைக் கொடுங்கள்.