500 கிராம் பாக்கெட்டில் 372 கிராம் மீன்: மலிவு விலை ஃப்ரோசன் மீன் நிஜமாவே மலிவா?

போன மாதம் ஒரு புதன்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி. ஆபீஸ் முடிந்து துரைப்பாக்கம் ரூமுக்குத் திரும்பும் வழியில் ஒரு டிஸ்கவுண்ட் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். ஃப்ரீசர் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர்: பாசா ஃபில்லே, 500 கிராம், 179 ரூபாய். முள் இல்லை, செதில் இல்லை, கழுவி அரிகிற வேலையும் இல்லை. அந்த நேரத்துக்கு எந்த மீன்கார அக்கா நமக்காகக் கூடையோடு காத்திருக்கப் போகிறார்?

வீட்டுக்கு வந்து மசாலா தடவி தோசைக்கல்லில் போட்டால், இரண்டே நிமிஷத்தில் கல் முழுக்கத் தண்ணீர். மீன் வறுபடவில்லை, வெந்தது. மசாலா தனியாக மிதந்தது. ரூம்மேட் எட்டிப் பார்த்து, "ஏய், இது ஃப்ரையா, சூப்பா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அடுத்த சனிக்கிழமை, கேக் செய்ய அவள் வாங்கி வைத்திருந்த டிஜிட்டல் தராசை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே மூன்று பாக்கெட்கள். அதே 179 ரூபாய் பாசா ஒன்று. வேறொரு கடையில் 235 ரூபாய்க்கு வாங்கிய இன்னொரு பிராண்ட் பாசா, அதுவும் 500 கிராம். கூடவே 199 ரூபாய்க்கு 250 கிராம் உரித்த இறால்.

பாக்கெட்டைப் பிரித்து, மேலே இருக்கும் ஐஸ் படலம் மட்டும் கரையும்வரை குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுத்தேன். மீன் உள்ளே இன்னும் கல் மாதிரி இருக்கும்போதே துணியால் ஒற்றி எடை போட்டேன். லேப் டெஸ்ட் இல்லை, சமையலறைக் கணக்குதான். ஆனால் தராசு பொய் சொல்லாது.

179 ரூபாய் பாக்கெட்டில் மீன் 372 கிராம். 235 ரூபாய் பாக்கெட்டில் 492 கிராம். இறாலில் 168 கிராம்.

இப்போது கிலோ கணக்குக்கு வாங்க. மலிவு பாசா, லேபிள்படி கிலோ 358 ரூபாய். ஐஸை எடுத்துவிட்டுப் பார்த்தால் 481. "விலை அதிகம்" என்று நான் எப்போதும் ஒதுக்கிவிட்டுப் போகும் அந்த இன்னொரு பிராண்ட், கிலோ 478. அதாவது இரண்டும் ஒரே விலை! இன்னும் கொஞ்சம் பொறுத்து, இரண்டையும் ஃப்ரிட்ஜில் முழுசாக இளகவிட்டு மறுபடி எடை போட்டேன். மலிவு மீனில் மிஞ்சியது 331 கிராம், மற்றதில் 465. கிலோவுக்கு 541 ரூபாயும் 505 ரூபாயும். மலிவு என்று வாங்கியதுதான் விலை அதிகம்.

இறால் பற்றிச் சொல்லவே வேண்டாம். 796 ரூபாய் கிலோ என்று நினைத்து வாங்கியது 1,185 ரூபாய் கிலோ.

ஐஸ் எதற்கு?

இதைச் சொன்னதும் "ஐயோ, கலப்படம்" என்று கிளம்பிவிடாதீர்கள். மீன் மேல் இருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரி ஐஸ் பூச்சுக்கு கிளேசிங் என்று பெயர். உறைந்த மீனைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கியோ, மேலே தண்ணீர் தெளித்தோ இதைச் செய்கிறார்கள். காற்று படாமல் இருந்தால்தான் மீன் காய்ந்து வெள்ளைத் திட்டுகளாகப் போகாது, கொழுப்பு சிக்கு வாடை அடிக்காது. மாதக்கணக்கில் ஃப்ரீசரில் கிடக்கப் போகும் மீனுக்கு இது தேவையான சட்டைதான்.

பிரச்சினை, சட்டையை எடையில் சேர்ப்பது. பாதுகாப்புக்கு மெல்லிய பூச்சு போதும். என் மலிவு பாக்கெட்டில் எடையில் கால்வாசிக்கு மேல் ஐஸ், இறாலில் மூன்றில் ஒரு பங்கு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், உறைந்த மீன் துண்டுகளுக்கான தன் தர விதியில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கிளேஸ் செய்த மீனுக்கு நிகர எடை போடும்போது கிளேஸைச் சேர்க்கக் கூடாது. அந்த 235 ரூபாய் பிராண்ட் இதைத்தான் செய்திருந்தது. ஐஸோடு அந்த பாக்கெட் 560 கிராம் இருந்தது, லேபிளில் 500 என்று போட்டிருந்தார்கள். மலிவு பாக்கெட்டோ ஐஸ், கவர் எல்லாம் சேர்த்தே 510 கிராம்தான்.

ஐஸ் வெளியே மட்டும் இருப்பதில்லை. லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ் 451, 452 என்று பார்த்திருக்கிறீர்களா? அவை பாஸ்பேட் உப்புகள். சதைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வேலை அவற்றுடையது. அளவோடு போட அனுமதி உண்டு, விஷமெல்லாம் இல்லை. உறையும்போதும் இளகும்போதும் மீனின் சாறு வடிந்து போகாமல் இருக்க உதவும். ஆனால் தாராளமாகப் போட்டால் மீன் தண்ணீரைக் குடித்து எடை கூடும், வாயில் ரப்பர் மாதிரி வழுக்கும், கல்லில் போட்டால் அத்தனையும் வெளியே வரும். என் தோசைக்கல் குளமானதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மலிவு பாக்கெட்டின் பின்னால் 451 இருந்தது.

அம்மாவும் 'ஐஸ் மீனும்'

தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, ஐஸ் மீனக் காசு குடுத்தா வாங்குன?" என்பதுதான் முதல் கேள்வி. எங்க ஊரில் அது கிட்டத்தட்ட வசவு. விடிகாலையில் கரைக்கு வந்து காலையிலேயே குழம்பாகும் சாளை தின்றவர்களுக்கு, ஐஸ் மீன் என்றாலே பழைய மீன்.

இங்கேதான் அம்மாவோடு எனக்குச் சண்டை. நம்ம ஊரில் ஐஸ் கட்டிக்குள் வைத்த மீனும் ஐஸ் மீன், மைனஸ் 18 டிகிரியில் உறைந்த மீனும் ஐஸ் மீன். இரண்டும் வேறு வேறு. ஐஸில் வைத்த மீன் மெதுவாகக் கெட்டுக்கொண்டேதான் இருக்கும். மைனஸ் 18-ல் கிருமிகள் வளர்வது நின்றுவிடும். சென்னையில் நாம் 'ஃப்ரெஷ்' என்று வாங்கும் மீனில் கணிசமானது விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கிப் பிடித்து வருவது. முதல் நாள் வலையில் விழுந்த மீன், படகு கரைக்கு வரும்வரை ஐஸ் அறையில்தான் இருக்கும். பிறகு லாரி, மார்க்கெட், கடை. பிடித்த சில மணி நேரத்தில் வேகமாக உறையவைத்த மீன் அதைவிட நல்ல மீனாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தினமும் போய் வரும் ஃபைபர் படகு மீன் கிடைக்கிற பட்டினப்பாக்கத்திலோ நொச்சிக்குப்பத்திலோ நீங்கள் குடியிருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

'வேகமாக' என்பதுதான் முக்கியம். மீனில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் உறைகிறது. தொழிற்சாலையில் கடும் குளிர்க் காற்றை அடித்து இந்தக் கட்டத்தைச் சட்டென்று கடந்துவிடுவார்கள். ஐஸ் துகள் சின்னதாக இருக்கும், சதை கிழியாது. வீட்டு ஃப்ரீசரில் மணிக்கணக்காகும். துகள் பெரிதாகி, சதையைக் குத்திக் கிழிக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ ஃப்ரெஷ் மீன் வாங்கி ஃப்ரீசரில் திணித்து வாரம் முழுக்கச் சாப்பிடும் நம் பழக்கம்தான் இருப்பதிலேயே மோசமான ஃப்ரோசன் மீன்.

ஆனால் உறைய வைப்பது டைம் மெஷின் கிடையாது. ஏற்கெனவே கெட ஆரம்பித்த மீனை அது நல்ல மீனாக மாற்றாது. அயிலை, சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் உருவாகும். சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலி, தடிப்பு வரும். உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பாக்கெட்டிலோ பேக்கிங் தேதி இருக்கும், பிடித்த தேதி இருக்காது. மலிவு பாக்கெட் விஷயத்தில் எனக்கு உண்மையான பயம் இந்த இடத்தில்தான். ஐஸைத் தராசில் கண்டுபிடித்துவிடலாம், இதை முடியாது.

சரி, ஃப்ரெஷ் மீனோடு ஒப்பிட்டால்?

சங்கரா கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செதில், குடல், தலை எல்லாம் போனால் கையில் 600 கிராம் வந்தால் பெரிய விஷயம். அப்போதே கிலோ 667 ரூபாய் ஆகிவிட்டது, வெட்டுக் கூலி தனி. அப்படிப் பார்த்தால் முள்ளே இல்லாத பாசா 505 ரூபாய் என்பது மோசமில்லை. (தலையைக் கழிவில் சேர்த்ததற்கு அம்மா என்னை மன்னிக்க மாட்டார். எங்கள் வீட்டில் குழம்பில் முதலில் காலியாவது தலைதான்.)

விலையில் மோசமில்லை, ஆனால் என்ன மீன் அது? பாசா, வியட்நாமின் மீகாங் ஆற்றுப் பகுதியில் இருந்து உலகம் முழுக்கப் போகும் வளர்ப்புக் கெளுத்தி. அதே இனத்தை ஆந்திராவிலும் குளங்களில் வளர்க்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சொல்கிற மாதிரி அது விஷமில்லை. அதே நேரம், 'மீன் இதயத்துக்கு நல்லது' என்று டயட்டுக்காக இதை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நல்லதுக்குக் காரணமான ஒமேகா-3 பாசாவில் மிகக் குறைவு. அது கொட்டிக் கிடப்பது மத்தியிலும் அயிலையிலும். சீசனில் அவை இரண்டும் பாசாவைவிட மலிவு. முள்ளுக்குப் பயந்து நாம் ஓடுகிறோம், அவ்வளவுதான்.

நான் இப்போது செய்வது இதுதான். மலிவுக் கடையில் பாசா மாதிரிக் கொழுப்புக் குறைந்த வெள்ளை மீன் மட்டும் வாங்குகிறேன், அதுவும் கிளேஸ் நீங்கலாக நிகர எடை என்று லேபிளில் இருந்தால் மட்டும். மத்தி, அயிலை ஃப்ரோசனில் வாங்குவதே இல்லை. கொழுப்பு மீன் ஃப்ரீசரிலும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். இறால் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் குலுக்கிப் பார்க்கிறேன். கூழாங்கல் மாதிரி சத்தம் வரணும். ஒரே கட்டியாக இருந்தால் எங்கேயோ ஒரு முறை இளகி மறுபடி உறைந்திருக்கிறது. மூடியில்லாத ஃப்ரீசரில் மேலாக, விளிம்பைத் தாண்டிக் குவித்து வைத்திருக்கும் பாக்கெட்டைத் தொடுவதில்லை. மே மாத வெயிலில் முக்கால் மணி நேரம் பைக்கில் வரும் டெலிவரியில் மீன் ஆர்டர் போடுவதும் இல்லை. வீட்டுக்கு வந்தபின் முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, துணியால் நன்றாக ஒற்றியபிறகுதான் மசாலா.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். வஞ்சிரம் விலையைக் கேட்டாலே தலை சுற்றும் அந்த நாட்களில் என்னைப் போன்றவர்கள் இந்த ஃப்ரீசரைத்தான் நம்பியிருக்கிறோம். பட்ஜெட் சூப்பர் மார்க்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாக்கெட்டின் முன்பக்கம், விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இரண்டு எண்களைப் போடட்டும்: ஐஸோடு எடை, ஐஸ் இல்லாமல் எடை. ஒரு வரி அச்சடிப்பதற்கு என்ன செலவாகிவிடும்? இரண்டாவது எண்ணைப் பார்த்தால் மஞ்சள் ஸ்டிக்கர் வேலை செய்யாது என்பதைத் தவிர வேறு தடை எனக்குத் தெரியவில்லை.

எடை குறைந்தால் புகார் செய்ய வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் கவரும் பத்திரம். ஐஸை நீக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள், மீன் இளகியபிறகு எடுத்தால் "தண்ணி வடிஞ்சிருக்கும்" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்.

நான் இறால் வீடியோவோடு கடைக்குப் போனேன். சூப்பர்வைசர் பார்த்தார். "இறால்னா ஐஸ் இருக்கத்தான் மேடம் செய்யும். வேணும்னா வேற பாக்கெட் எடுத்துக்கோங்க" என்று அதே பிராண்டில் இன்னொன்றை நீட்டினார். குலுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து 1915-ஐ அழைத்தேன். புகார் எண் எஸ்.எம்.எஸ்ஸில் வந்திருக்கிறது.